மூன்றா, எட்டா?

ஃபோர்ட் கேனிங் குன்றில், பழைய செங்கல் சுவர் முன்னால் நின்று நானும் என் தோழியும் கால்மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். சுவரில் பதித்திருந்த ஒரு கல்லறைக் கல்லில் ஆண்டின் கடைசி இலக்கம் மூன்றா, எட்டா? மழையும் வெயிலும் அரித்ததில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. நான் மூன்று என்றேன். கைப்பேசியில் அந்த எண்ணைப் போட்டு நடந்தோம். அது எங்களை ஒரு கால்வாய் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

நாங்கள் விளையாடியது ‘ஜியோகேஷிங்’. ஒருவர் சிறு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் செயலியில் பதிவிடுவார். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் துல்லியத்துக்கு அமெரிக்கா வைத்திருந்த கட்டுப்பாடு நீங்கிய ஓரிரு நாளில் அந்நாட்டின் ஆரிகன் மாநிலத்தில் பிறந்த ஆட்டம் இது.

இடுகாட்டுக்குள் பெட்டியை வைக்க விரும்பாதவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கல்லில் உள்ள தேதிகளைப் படித்து விடுபட்ட இலக்கங்களை நிரப்பினால், வெளியே எங்கோ இருக்கும் பெட்டியின் இடம் கிடைக்கும். கடைசி மூன்று இலக்கங்களில் நடுவில் இருப்பது எட்டுக்குப் பதில் மூன்றாகிவிட்டால், 90 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்போம். எங்கள் கால்வாய்க் கதை அதுதான்.

திரும்பி வந்ததும் எனக்குச் சந்தேகம். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் ஆட்டம் கண்டதுபோல் இருந்தது. பெட்டி அதற்குப் பின்னால் இருக்குமோ என்று கையை நீட்டினேன். தோழி தட்டிவிட்டாள். “செத்தவங்க பேரு இருக்கிற இடம். அங்க போய் நோண்டுறியே!”

வெட்கமாகிவிட்டது. அதன் பிறகுதான் எண்களை விட்டுப் பெயர்களைப் படித்தேன்.

1822 முதல் 1865 வரை இது கிறிஸ்தவர்களின் இடுகாடு. ஏறத்தாழ 600 பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சீனர்கள். பின்னாளில் கல்லறைகள் அகற்றப்பட்டன, மிஞ்சிய கற்கள் சுவரில் ஏறின. நடுவே இப்போது புல்வெளி. அதே புல்வெளியில் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி இசை நிகழ்ச்சி பார்த்திருக்கிறேன். அன்று இந்தச் சுவரை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

இங்குள்ள நினைவுச்சின்னங்களில் மிகப் பெரியது ஒரு கைக்குழந்தைக்கு எழுப்பியது. ஜேம்ஸ் புரூக் நேப்பியர், 1848இல் இறந்தது. அதன் தாய் மரியாவின் முதல் கணவர் ஜார்ஜ் கோல்மன். ஆர்மீனியத் தேவாலயத்தைக் கட்டியவர், கோல்மன் ஸ்திரீட்டுக்குப் பெயர் தந்தவர். அவரையும் 1844இல் இதே குன்றில்தான் புதைத்தார்கள். நான்கே ஆண்டு இடைவெளி. எங்கள் விளையாட்டில் இவை வெறும் இலக்கங்கள்.

தூறல் போட்டதால் அன்று வீடு திரும்பினோம். இரவு கோல்மனைப் பற்றிப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. 1833இல் அவர் பொதுப்பணிகளுக்கும் கைதிகளின் உழைப்புக்கும் கண்காணிப்பாளர் ஆனார். 1825 முதல் இங்கு கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள்தான் அவர் போட்ட திட்டத்துக்கு மண் சுமந்தவர்கள். நார்த் பிரிட்ஜ் ரோடும் சவுத் பிரிட்ஜ் ரோடும் அவர்கள் கை வேலை. அந்தச் சாலையில் நான் எத்தனை முறை பேருந்தில் போயிருப்பேன்! ஃபோர்ட் கேனிங் சுவரில் அவர்கள் பெயரைத் தேடுவதில் பொருளில்லை, அது கிறிஸ்தவர்களின் இடுகாடு. ஆனால் வேறு எந்தச் சுவரில் போய்த் தேடுவது?

அடுத்த சனிக்கிழமை மீண்டும் போனோம். இந்த முறை ஒரு தந்திரம் கற்றுக்கொண்டு போயிருந்தேன். மங்கிய கல்லைச் சுரண்டவோ, சாக்பீஸ் பூசவோ கூடாது, கல் கெட்டுவிடும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். செதுக்கிய குழிகளில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும்.

எட்டுதான். தோழி ஒரு வாரம் அதைச் சொல்லிக் காட்டினாள்.

பெட்டி எங்கே இருந்தது என்று எழுதினால் அடுத்து வருபவர்களின் ஆட்டம் கெட்டுவிடும். கட்டைவிரல் அளவுதான். உள்ளே சுருட்டிய தாள், எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் பெயர்கள். ஈரத்தில் மை பரவி, பாதிப் பெயர்களைப் படிக்க முடியவில்லை. எங்கள் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிவிட்டு, மூடியை இறுக்கமாகத் திருகினேன்.