டாக்டர் படிப்பு ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பம்!

ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே தறிகளில் என்ன நெய்கிறார்கள், தெரியுமா?

காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி!

அந்தத் துணியை நெய்கிறவர் வீட்டுப் பிள்ளை, கட்டுப்போடும் டாக்டர் ஆக முடியுமா?

முடியும்! ஆனால் பெற்றோர் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே கல்லூரி

முன்பு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பிள்ளைகள் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள்.

7½ சதவீதம்

மருத்துவக் கல்லூரியில் சேர ‘நீட்’ தேர்வு எழுத வேண்டும். அதில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். எனவே 2020-ல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் செய்தது. அதன்படி அவர்களுக்கு 7½ சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

இந்தச் சலுகை யாருக்கு?

6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு! நகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். ‘அரசு உதவி பெறும் பள்ளி’ சேராது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்தவர்கள், 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அவர்களுக்கும் உண்டு.

ஆகவே, ஐந்தாம் வகுப்பு முடிந்து பள்ளி மாற்றும்போதே யோசியுங்கள். பிளஸ்-2வில் யோசித்தால் காலம் கடந்துவிடும். படித்த பள்ளிகளின் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தேர்வு எப்படி?

2025-ல் நடந்த தேர்வில் 180 கேள்விகள், 3 மணி நேரம், 720 மார்க்கு.

உயிரியலில் 90 கேள்விகள். அதாவது, சரிபாதி! இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45.

சரியான விடைக்கு 4 மார்க்கு. தவறான விடைக்கு 1 மார்க்கு பிடித்துக்கொள்வார்கள். எழுதாமல் விட்டால் நஷ்டம் இல்லை, குருட்டாம்போக்கில் எழுதினால்தான் நஷ்டம்.

கேள்விகள் தமிழிலும் உண்டு. மனு போடும்போதே தமிழைக் குறிப்பிட வேண்டும்.

தோற்றால்?

அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாம். இத்தனை தடவைதான் என்று கணக்கு இல்லை.

பிள்ளையைத் திட்டாதீர்கள். தறியில் நூல் அறுந்தால் என்ன செய்கிறோம்? தறியையா உடைக்கிறோம்? முடிச்சுப் போட்டு மறுபடியும் ஓட்டுகிறோம், அல்லவா!