உங்களுக்குத் தெரியுமா? – ஏறுவதற்கு நல்ல பாறை எந்த ஊரில்?

கோலா பிலா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாறை புதிதல்ல. லயத்துக்குப் பின்னால், கித்தா மரங்களுக்கு நடுவே, யானை படுத்தாற்போல ஒரு பாறையாவது கிடக்கும். பள்ளி விட்டு வந்ததும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து ரம்புத்தான் தின்ற நாள்கள் மறக்குமா? அந்த ஏற்றத்தையே இன்று உலகம் ‘போல்டரிங்’ என்ற பெயரில் பெரிய விளையாட்டாக வளர்த்திருக்கிறது. எந்த வட்டாரத்துப் பாறை இதற்குச் சிறந்தது என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத் திரட்டிய துணுக்குகள் இவை.

கயிறு இல்லாத கணக்கு

போல்டரிங்கில் கயிறும் இல்லை, ஆணியும் இல்லை. பெரும்பாலும் மூன்று நான்கு மீட்டர் உயரப் பாறை. காலில் இறுக்கமான ரப்பர் காலணி, இடுப்பில் வெள்ளைப் பொடிப் பை, கீழே தடித்த மெத்தை. ஏறும் வழி ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் ‘பிராப்ளம்’ என்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் ‘கணக்கு’. எந்தக் கை முதலில், எந்தக் கால் எங்கே என்று போட்டுப் பார்த்துத்தான் விடை காண வேண்டும்.

பால் மரம் கொடுத்த பிடி

பாறையேறிகளின் கால் வழுக்காமல் காத்தது ரப்பர். பிரான்சின் பியேர் அல்லேன் 1930களில் மழமழப்பான ரப்பர் அடி வைத்த ஏறு காலணியை உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளான ‘பி.ஏ.’ என்பதே அந்தக் காலணிக்குப் பெயராயிற்று. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலியர் வித்தாலே பிரமானி, 1937-இல் ‘விப்ரம்’ ரப்பர் அடியைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து ரப்பர் பெரும்பாலும் மரத்துப் பால்தான். அதை உலகுக்கு மிக அதிகமாகக் கொடுத்த நாடு அன்றைய மலாயா. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பு இந்த விளையாட்டின் அடியில் இருக்கிறது. இன்றைய காலணிகளில் செயற்கை ரப்பர்க் கலவையே மிகுதி.

ஒரே மாவட்டம், இரண்டு கல்

சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்கு வரும்போது புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் தீத்திவங்சா மலைத்தொடரைக் கடக்கிறோம். அந்த மலை கருங்கல். பூமிக்குள் ஆழத்தில் உருகிய குழம்பு ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் மெல்ல ஆறி இறுகியது. கீழே இறங்கினால் ஏடேடாகப் பிளக்கும் வேறொரு கல்லும் உண்டு. நிலவியலாளர்கள் அதற்கு நம் ஊர்ப் பெயரையே வைத்து ‘பிலா சிஸ்ட்’ என்கிறார்கள். கருங்கல் கையைத் தாங்கும். ஏட்டுக்கல்லை நம்பித் தொங்கினால் பிடித்த துண்டு கையோடு வந்துவிடும். ஏறுவதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உறுதி, பொதபொதவென்றால் விலகுங்கள்.

கண்டங்கள் ஒட்டிய தழும்பு

தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் முன்பு தனித்தனி நிலத்துண்டுகள். நடுவே கடல் இருந்தது. கடல் சுருங்கி, இரண்டும் முட்டி ஒட்டிக்கொண்ட தழும்புக்குப் பெந்தோங்–ராவுப் பொருத்து என்று பெயர். அது பகாங்கிலிருந்து தெற்கே நெகிரி செம்பிலானுக்குள்ளும் இறங்குகிறது. அந்த மோதலின் விளைவாகப் பிறந்ததுதான் நம் மேற்கு மலைக் கருங்கல்.

பாறை ஏன் உருண்டை?

யாரும் உருட்டி விடவில்லை. கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றில் இறங்கிக் கல்லை மெல்ல மெல்லச் செம்மண்ணாக்குகிறது. சதுரத்தின் முனைகள் முதலில் கரையும். வெங்காயத் தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காக உரிந்து, நடுவிலுள்ள உறுதியான கரு மட்டும் மிஞ்சும். பிறகு மழை செம்மண்ணை அடித்துக்கொண்டு போக, உருண்டை வெளியே வருகிறது. தோட்டத்துச் செம்மண்ணும் அதன் நடுவே நிற்கும் சாம்பல் பாறையும் ஒரே கல்லின் இரண்டு நிலைகள்.

பாரீஸ் பக்கத்துக் காடு

போல்டரிங்கின் தாய்வீடு ஃபோந்தேன்ப்ளோ. பாரீஸிலிருந்து 60 கிலோமீட்டர். அங்கே மணற்கல், 3 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கடற்கரை மணலில் உண்டானது. பாறையில் சின்னச் சின்ன வண்ண அம்புக்குறி தீட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்கிப் போகும் ‘சர்க்யூட்’ முறை 1947-இல் அங்கேதான் பிறந்தது. சிறுவர்களுக்கு ஒரு நிறம், கெட்டிக்காரர்களுக்கு ஒரு நிறம். குடும்பத்தோடு சோறு கட்டிக்கொண்டு போக ஏற்ற இடம்.

கிஷ்கிந்தையின் பாறைகள்

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்குத் தலைநகர் கர்நாடகத்தின் ஹம்பி. துங்கபத்திரையின் இருகரையிலும் கண்ணெட்டும் தூரம்வரை கருங்கல் உருண்டைகள். வாலியும் சுக்ரீவனும் ஆண்ட கிஷ்கிந்தை இதுவே என்பது மக்கள் நம்பிக்கை. கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. நம் கருங்கல்லைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மூத்தது. அமெரிக்கப் பாறையேறி கிறிஸ் ஷர்மா அங்கே ஏறியதைக் காட்டும் ‘பில்கிரிமேஜ்’ படம் 2003-இல் வந்தபின் உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரே குறை, கல்லின் கூரிய மணிகள் விரல்தோலை உரித்துவிடும். இரண்டு நாள் ஏறினால் மூன்றாம் நாள் ஓய்வு தேவைப்படும்.

கப்பர் சிங்கின் குன்று

1975-இல் வந்த ‘ஷோலே’ படத்தில் கப்பர் சிங் உலவிய பாறைகள் பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரத்தில் இருக்கின்றன. அது இன்று பெயர்பெற்ற பாறையேற்ற இடம். நகரத்தை ஒட்டிய துரஹள்ளிக் காட்டில் விடுமுறை நாளில் இளைஞர்கள் மெத்தையை முதுகில் சுமந்து போவதைப் பார்க்கலாம்.

பார்க்க மட்டும்

மாமல்லபுரத்தின் ‘வான் இறைக் கல்’, சரிவில் உருளப் போவதுபோல் நிற்கும் பெரும் உருண்டை. எடை சுமார் 250 டன். ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்பது வழிவழியாக வரும் கதை. செஞ்சிக் கோட்டை மலைகளும் இப்படிப் பாறைகள் குவிந்தவைதாம். அக்கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். அவற்றின்மேல் ஏறி விளையாடக் கூடாது.

தூக்கிய கல்லும் உண்டு

நம்மவர்கள் பாறையோடு மல்லுக்கட்டியது புதிதல்ல. தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டவனே வீரன். அதற்குக் கல்யாணக்கல் என்றும் பெயர். வழவழவென்று செதுக்கி, கைப்பிடி எதுவும் வைக்காமல் விட்டிருப்பார்கள். போல்டரிங்கில் ‘ஸ்லோப்பர்’ என்று ஒரு பிடி உண்டு. விளிம்பே இல்லாத அந்த உருண்டைப் பரப்பை உள்ளங்கையால் அழுத்தித்தான் தொங்க வேண்டும். இளவட்டக்கல்லைக் கட்டிப் பிடித்தவருக்கு அது உடனே புரியும்.

வேர்வைதான் எதிரி

பாறையேற்றத்துக்கு வலிமையைவிட உராய்வு முக்கியம். குளிர்ந்து உலர்ந்த காற்றில் கல் கையைப் பிடிக்கும். ஈரக் காற்றில் நழுவும். ஆகவே ஹம்பிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தென்னாப்பிரிக்காவின் ராக்லாண்ட்ஸுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இமாசலத்தின் சத்ருவுக்குப் பனி உருகிய கோடை என்று நாள் பார்த்துப் போகிறார்கள். மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நமக்கு நல்ல நேரம், மழையில்லாத நாளின் விடியற்காலை. பால் வெட்டுக்குப் போன அதே நேரம்.

கணித ஆசிரியரின் வெள்ளைப் பொடி

கையில் பூசும் பொடி மக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பயன்படுத்தியதைப் பாறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் ஜான் கில், 1950களில். இவர் கணிதப் பேராசிரியர். நவீன போல்டரிங்கின் தந்தை என்று இவரையே சொல்கிறார்கள்.

கோலா பிலாவுக்கு ஒரு கூட்டாளி

கலிபோர்னியாவின் பிஷப் என்ற சிற்றூரிலும் இரண்டு கல். ஊருக்கு மேற்கே ‘பட்டர்மில்க்ஸ்’ என்னும் கருங்கல் வகைப் பாறைகள். சில, விழுந்தால் எலும்பு தப்பாத உயரம். வடக்கே ‘ஹேப்பி’, ‘சேட்’ என்ற இரு பள்ளத்தாக்குகளில் எரிமலைச் சாம்பல் இறுகிய கல், சுமார் 7.6 லட்சம் ஆண்டுக்கு முந்திய வெடிப்பில் வந்தது. ஒன்றில் விரல்நுனி வேலை, மற்றதில் தோள் வேலை. கல் மாறினால் ஆட்டமே மாறும்.

மதிப்பெண் எப்படி?

கணக்கின் கடுமையை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஃபோந்தேன்ப்ளோ முறை. மற்றது ‘வி’ முறை. டெக்சஸின் வேகோ டாங்க்ஸில் ஜான் ஷெர்மன் வகுத்து 1991-இல் நூலில் அச்சேறியது. ‘வி’ என்பது அவருடைய பட்டப்பெயரின் முதலெழுத்து. வி0-வில் தொடங்கி வி17-ஐயும் எட்டிவிட்டது. 2016-இல் ஃபின்லாந்தில் நல்லே ஹுக்கதைவல் பல ஆண்டு முயன்று ஏறிய ‘பர்டன் ஆஃப் டிரீம்ஸ்’ அந்த எல்லையைத் தொட்ட முதல் கணக்கு. அந்தப் பாறையின் உயரம் சில மீட்டர்தான்.

கல்லுக்கும் மரியாதை

வேகோ டாங்க்ஸ் பாறைகளில் பழங்குடியினரின் ஓவியங்கள் இருக்கின்றன. அதனால் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் காசில் ஹில், மாவோரி மக்களில் ஒரு குலத்தாருக்குப் புனித இடம். நெகிரி செம்பிலானிலும் அப்படி உண்டு. பெங்காலான் கெம்பாஸில் ‘உயிருள்ள கற்கள்’ என்று மலாய்க்காரர் போற்றும் நடுகற்கள் நிற்கின்றன. அவற்றில் மூன்றுக்கு வாள், கரண்டி, சுக்கான் என்று பெயர். பக்கத்திலுள்ள கல்வெட்டின் காலம் 1467. துளையிட்ட கல் ஒன்றில் பொய்யன் கையை நுழைத்தால் இறுகிக்கொள்ளும் என்பது அவ்வூர் நம்பிக்கை. சூலம் நட்ட பாறையில் நாம் காலணியோடு ஏறுவோமா? அதே நினைப்பு அங்கேயும் வேண்டும்.

பத்துமலையின் மறுபக்கம்

தைப்பூசத்துக்கு 272 படி ஏறுகிறோமே, அதே சுண்ணாம்பு மலையின் மற்றப் பக்கங்களில் கயிறு கட்டி ஏறும் சுவர்கள் இருக்கின்றன. பல நாட்டவர் அங்கே வருகிறார்கள். ஆனால் அது உயரச் சுவர், கயிற்றாட்டம். போல்டரிங்குக்கு வேண்டிய தனிப்பாறை கருங்கல் மண்ணில்தான் அதிகம்.

அங்சியும் டத்தோவும்

கோலா பிலா சாலையில் உலு பெண்டுல் வனப் பூங்கா, அங்சி மலையின் அடிவாரம். மலை உயரம் 825 மீட்டர். ஓடை நெடுகக் கருங்கல் உருண்டைகள். ரெம்பாவ் பக்கம் குனோங் டத்தோவின் உச்சியிலும் பெரும் பாறைக் குவியல். ஏணி வைத்துத்தான் மேலேற முடியும். இரண்டுக்கும் வனத்துறையிடம் அனுமதி கேட்டுப் போங்கள். ஓடைப் பாறையில் ஒன்று கவனிக்க வேண்டும். மேலே மழை பெய்தால் ‘கெப்பாலா ஆயர்’ என்னும் திடீர் வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, அந்தக் கணமே கரையேறுங்கள்.

விழவும் தெரிய வேண்டும்

கைப்பிடி நழுவினால் இரண்டு காலையும் ஊன்றி, முழங்காலை மடக்கி, முதுகால் உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும். கீழே நிற்கும் துணையாள் விழுகிறவரை ஏந்திப் பிடிப்பதில்லை. தலையும் முதுகும் கல்லில் மோதாமல் மெத்தைப் பக்கம் தள்ளிவிடுகிறார். நம் பாறைகளில் இன்னொரு வேலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுமுன் அடியிலும் வெடிப்பிலும் குச்சியால் தட்டிப் பாம்பு, குளவி இல்லையென்று உறுதிசெய்யுங்கள்.

ஒலிம்பிக் மேடையில்

பாறையேற்றம் முதன்முதலில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது தோக்கியோவில், 2021-இல். அங்கும் 2024 பாரீஸிலும் போல்டரிங் அடங்கிய பெண்கள் போட்டியில் தங்கம் வென்றவர் சுலோவேனியாவின் யான்யா கார்ன்ப்ரெட். 2028 லாஸ் ஏஞ்சலிஸில் போல்டரிங்குக்குத் தனிப் பதக்கமே உண்டு.

அப்படியானால் எது சிறந்தது?

ஐந்து கேள்வி கேளுங்கள். கல் உறுதியா, காற்று உலர்வா, விழும் தரை சமமா, ஏற அனுமதி உண்டா, அடிக்கடி போகும் தூரமா? கல்லின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் ஹம்பியை மிஞ்ச முடியாது. தரைக்கும் பிள்ளைகளுக்கும் ஃபோந்தேன்ப்ளோ. காற்றுக்கு ராக்லாண்ட்ஸ். கோலா பிலா காற்றில் தோற்கும், பாசியில் தோற்கும். கடைசிக் கேள்வியில் மட்டும் அது எங்களுக்கு முதலிடம். வாரம் தவறாமல் ஏறினால்தான் கை பழகும். ஆண்டுக்கொருமுறை விமானம் ஏறிப் பழக முடியாது.

தேய்ந்த படி

ஃபோந்தேன்ப்ளோவில் பலர் மிதித்து மிதித்துச் சில பிடிகள் கண்ணாடியாகத் தேய்ந்துவிட்டன. அதனால் அங்கே பழகியவர்கள் ஏறுமுன் காலணி அடியைத் துணியால் மணலில்லாமல் துடைத்துக்கொள்வார்கள். எங்கள் லயத்துப் பாறையிலும் அப்படியொரு படி இருக்கிறது. இடுப்புயரத்தில், கட்டைவிரல் மட்டும் பதியும் பள்ளம், வெறுங்காலால் ஏறிய மூன்று தலைமுறைப் பிள்ளைகள் தேய்த்தது. லயம் இடிந்துவிட்டது, கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. சென்ற மாதம் போய்ப் பாசியை விலக்கிப் பார்த்தேன். பள்ளம் அப்படியே இருக்கிறது, விரலும் பதிகிறது. பிள்ளைகளே, அங்கிருந்து தொடங்குங்கள். ஏறுமுன் காலைத் துடைத்துக்கொள்ளுங்கள்.