கடல் தாண்டிய கைதிகள் – 7: மூன்று ஷில்லிங் கவுன்

எட்டு வயதுக் குழந்தையின் பருத்தி கவுன் ஒன்று. மதிப்பு 3 ஷில்லிங். கூடவே ஒரு கழுத்துத் துணி, ஒரு தொப்பி. தலா 2 பென்ஸ். இவற்றைப் பறித்ததற்காக லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம் மேரி வேடுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அவளுக்கு வயது பதினொன்று.

நடந்தது 1788 அக்டோபரில். பதினான்கு வயது ஜேன் வைட்டிங்கும் மேரியும் தனியாக நின்ற ஒரு சிறுமியைக் கழிப்பறைப் பக்கம் கூட்டிப்போய் உடையைக் கழற்றிக்கொண்டார்கள். கவுன் அடகுக் கடைக்குப் போனது. 1789 ஜனவரி 14 அன்று விசாரணை. பொதுவழியில் தாக்கிப் பறித்த கொள்ளை என்று வழக்கு எழுதப்பட்டிருந்தது. கொள்ளை என்றால் பொருளின் மதிப்பைப் பார்ப்பதில்லை, தூக்குதான்.

மேரியின் வாரிசுகள் அவளைத் தேடும்போது முதலில் கையில் கிடைப்பது இந்த விசாரணைப் பதிவு. 1674 முதலான ஓல்டு பெய்லி பதிவுகளை இன்று யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் படிப்பது எளிதல்ல. அந்தக் குழந்தையைக் கழிப்பறைக் குழிக்குள் தள்ளியிருக்கலாமே என்று மேரி சொன்னதாக ஒரு சாட்சியம் அதில் இருக்கிறது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தெருக் கூட்டியும் பிச்சை எடுத்தும் வயிற்றைக் கழுவிய பிள்ளை அவள். அவள் பேச்சில் இருந்த கொடூரமும் உண்மை, அவள் பட்ட பசியும் உண்மை. பாட்டியைப் புனிதவதி ஆக்கிவிட்டால் பாட்டியே தொலைந்துபோவாள்.

1789 மார்ச்சில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயிலிருந்து தேறினார். அதையொட்டித் தூக்கு, நாடுகடத்தலாகக் குறைந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கைதிகளோடு ‘லேடி ஜூலியானா’ கப்பல் 1789 ஜூலையில் புறப்பட்டு 1790 ஜூன் 3 அன்று சிட்னி சேர்ந்தது. மேரியை அங்கிருந்து நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள்.

இதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த சொல் ஏதும் பதிவுகளில் இல்லை. கைதிக் கணக்கெடுப்பு, குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவு, 1817இல் ஜோனதன் புரூக்கரோடு திருமணம் என்று காகிதங்கள்தாம் பேசுகின்றன. பெற்றது 21 பிள்ளைகள். 1859 டிசம்பரில் அவள் கண்மூடியபோது வாழ்ந்திருந்த சந்ததியினர் முந்நூறு பேருக்கு மேல்.

ஆஸ்திரேலியக் குடும்பங்கள் கைதி முன்னோரைக் கறை என்று நெடுங்காலம் மறைத்தன. ஆனால் 2008இல் அந்நாட்டின் அப்போதைய பிரதமர் கெவின் ரட்டிடம் அவருடைய வம்சாவளி ஆவணம் அளிக்கப்பட்டது. அதில் பாட்டியின் பாட்டிகள் வரிசையில் மேரி வேடும் இருந்தாள்.

சென்னை மாகாணத்திலிருந்தும் பினாங்குக்கும் அந்தமானுக்கும் கைதிகள் கப்பலேற்றப்பட்டார்கள். “கடல் கடந்து போனவர், திரும்பவே இல்லை” என்று உங்கள் வீட்டிலும் யாரைப் பற்றியாவது தணிந்த குரலில் பேசுவார்கள் என்றால், பெரியவர்களிடம் இப்போதே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வையுங்கள்: பெயர், ஊர், போன வருடம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடப் போகும்போது இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

(தொடரும்)