ஜிம்னியை கேம்பரா மாத்தலாமா? ரீல்ஸ் சொல்லாத எடைக் கணக்கும் சட்டச் சிக்கலும்

பின்கதவைத் திறந்தால் குட்டி கிச்சன். உள்ளே மெத்தை, மேலே சீரியல் லைட், ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை. இப்படி ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டு, 'நம்ம வண்டியையும் மாத்திட்டா என்ன?' என்று யோசிக்காத ஜிம்னி ஓனர்கள் குறைவு.

மாத்தலாம். ஆனால், கார்பென்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் மூன்று இருக்கின்றன. வண்டி எவ்வளவு எடை தாங்கும், சட்டம் எதுவரை விடும், உள்ளே தூங்கினால் என்ன ஆபத்து.

ஏன் ஜிம்னி?

1985 முதல் 2019 வரை விற்பனையில் இருந்த ஜிப்ஸியின் வாரிசு இது. இந்தியாவில் ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் அறிமுகமானது. லேடர் ஃபிரேம் சேஸி, முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், 4எல் லோ கியர், 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் என கரடுமுரடான பாதைக்குத் தேவையானதெல்லாம் கம்பெனியிலிருந்தே வருகிறது. முன் சீட்டைச் சாய்த்தால் பின் சீட்டோடு சேர்ந்து கிட்டத்தட்ட படுக்கை மாதிரியே ஆகிவிடும்.

சிக்கல், அளவில்தான். நீளம் 3,985 மி.மீ., அகலம் வெறும் 1,645 மி.மீ. பின்சீட் நிமிர்ந்திருக்கும்போது பூட் ஸ்பேஸ் 208 லிட்டர், மடக்கினால் 332 லிட்டர். இதற்குள் வீடு கட்ட முடியாது. ஒரு பெட்ரூமும் ஒரு அலமாரியும் வைக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் எடைக் கணக்கு

ஜிம்னியின் அதிகபட்ச மொத்த எடை 1,545 கிலோ. காலி வண்டியின் எடை வேரியன்ட்டைப் பொறுத்து 1,195 முதல் 1,210 கிலோ. ஆக, ஆட்களையும் சேர்த்து நீங்கள் ஏற்றக்கூடியது சுமார் 335 முதல் 350 கிலோதான்.

70 கிலோ எடையுள்ள இரண்டு பேர் ஏறினாலே 140 கிலோ போய்விடும். மீதி சுமார் 195 கிலோ. இப்போது லிஸ்ட் போடுங்கள் (எல்லாமே தோராயம்):

- பிளைவுட் மேடை, டிராயர்: 25 கிலோ
- மெத்தை: 8 கிலோ
- தண்ணீர் 20 லிட்டர்: 20 கிலோ
- லித்தியம் பேட்டரி: 12 கிலோ
- சின்ன 12 வோல்ட் பிரிட்ஜ்: 15 கிலோ
- அடுப்பு, பாத்திரம்: 10 கிலோ
- டூல்ஸ், இழுவைக் கயிறு, ஏர் பம்ப்: 20 கிலோ
- துணிமணி: 20 கிலோ
- சாப்பாட்டுப் பொருட்கள்: 10 கிலோ

மொத்தம் 140 கிலோ. கையில் மிச்சம் 55 கிலோ. இதற்கு மேல் ரூஃப்டாப் டென்ட் ஆசை வந்தால்? அதுவே பெரும்பாலும் 50 கிலோவைத் தாண்டும். கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

டென்ட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அகலம் குறைந்த, உயரமான வண்டியின் தலையில் எடை ஏற ஏற, சரிவான பாதையில் கவிழும் வாய்ப்பும் ஏறும். வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை வேறு, நிற்கும்போது தாங்கும் எடை வேறு. ஓடும்போதான வரம்பு ரொம்பக் குறைவு. ஓனர்ஸ் மேனுவலில் அந்த எண்ணைப் பார்க்காமல் டென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

கார்பென்டரிடம் போகும்போதும் எடையை மறக்க வேண்டாம். 8க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 35 கிலோ. அதே ஷீட் 12 மி.மீ. என்றால் 23 கிலோ பக்கம். 12 மி.மீ. எடுத்து, அடியில் சட்டம் கொடுத்தாலே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விதிமீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு.

ஆர்.சி.யில் இருக்கைகளின் எண்ணிக்கையும் இருக்கிறது. பின்சீட்டை நிரந்தரமாகக் கழற்றினால் அந்த விவரம் மாறிவிடும். கூரையை வெட்டுவது, பாடியை நீட்டுவது எல்லாம் யோசிக்கவே வேண்டாம். 'மோட்டார் கேரவன்' என்று தனி வகை இருக்கிறது, அதற்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தர விதிப்படி அப்ரூவல் வேண்டும். தெரு முனை ஒர்க்‌ஷாப்பில் முடிகிற வேலை இல்லை அது.

அப்போ வழி? கழற்றி மாட்டக்கூடிய செட்டப். பின்சீட்டை மடக்கி, அதன் மேல் மேடையை வைத்து, லக்கேஜ் ஹுக்குகளில் பெல்ட் போட்டு இறுக்கலாம். துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். ஊருக்குத் திரும்பினால் பதினைந்து நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டு திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகலாம். பெல்ட்டை மட்டும் அலட்சியப்படுத்தாதீங்க. சடன் பிரேக்கில் 12 கிலோ பேட்டரி பறந்து வந்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் தடுக்கும்.

கரன்ட் வேலை செய்வதாக இருந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கரன்ட் வேணும்?

12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட் ஹவர் இருக்கும். சின்ன பிரிட்ஜ் நம்ம ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 500 முதல் 600 வாட் ஹவர் குடிக்கும். 15 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 120. லைட், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னும் 80. ஆக, ஒன்றரை நாள் தாராளமாகத் தாங்கும். பிரிட்ஜுக்குப் பதில் ஐஸ் பாக்ஸ் எடுத்தால், இதில் பாதி பேட்டரியே போதும்.

வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியில் இதையெல்லாம் மாட்டாதீங்க. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போனால், காட்டுப் பாதையில் தள்ளுவதற்கு ஆள் கிடைக்காது. தனி பேட்டரி, ஓடும்போது அதை சார்ஜ் செய்ய டிசி-டிசி சார்ஜர், ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்திலேயே ஃபியூஸ். இந்த மூன்றில் எதையும் விடக் கூடாது.

தூங்கும்போது ஏசி போடலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துதான். கேஸ் அடுப்பையும் உள்ளே பற்றவைக்கக் கூடாது. சமையல் எப்போதும் வெளியில்தான்.

எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் இரண்டு விரல் அளவு இறக்கி, கொசுவலை மாட்டி, ஃபேன் போடுங்கள். இரண்டு பேர் மூச்சு விடுவதில் கண்ணாடி முழுக்க வேர்த்துக் கொட்டுவதும் இதனால் குறையும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள்.

எங்கே நிறுத்துவது?

4எல் இருக்கிறது என்பதற்காக காப்புக்காட்டுக்குள் விடக் கூடாது. வனத்துறை அனுமதியின்றி உள்ளே போவதே குற்றம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. பந்திப்பூர் வழியே போகும் நெடுஞ்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். எஸ்டேட், தோட்டம் வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்டோ, கட்டணம் வாங்கும் கேம்ப் சைட்டிலோ நிறுத்துவதுதான் நிம்மதி.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரு சனிக்கிழமை ராத்திரி மெத்தையும் கொசுவலையும் மட்டும் போட்டு, வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் தூங்கிப் பாருங்கள். கால் எங்கே இடிக்கிறது, செருப்பை எங்கே வைப்பது, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் யாரை மிதித்துக்கொண்டு இறங்குவது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பிளைவுட் வாங்கக் கிளம்பலாம்.