ஒரு கீபோர்டு, இரண்டு கணினிகள்

அலுவலகம் கொடுத்த லேப்டாப் ஒன்று, வீட்டுக்கென்று வாங்கிய கணினி ஒன்று. மேசையோ ஒன்றுதான். காலையில் கீபோர்டு, மவுஸ், மானிட்டர் கேபிள்களை லேப்டாப்பில் செருகி, சாயங்காலம் அத்தனையும் பிடுங்கி வீட்டுக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செருகிப் பிடுங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாம் பழகிய தட்டையான யூஎஸ்பி வாய்க்குத் தரநிர்ணயம் சொல்லும் ஆயுள் 1,500 முறை. டைப்-சி என்றால் 10,000 முறை.

இந்த வேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி இருக்கிறது. கேவிஎம் ஸ்விட்ச் என்பார்கள். சர்வர் அறையில் அடுக்கி வைத்த பல கணினிகளை ஒரே கீபோர்டு, ஒரே திரை கொண்டு கையாள்வதற்கென வளர்ந்த கருவி இது. ஒரு பொத்தானை அழுத்தினால், அல்லது பல பெட்டிகளில் ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டினால், கீபோர்டும் மவுஸும் மானிட்டரும் அடுத்த கணினிக்குப் போய்விடும்.

ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து இரு கணினிக்கும் கொடுத்துவிட்டால் போதாதா? போதாது. யூஎஸ்பியின் முதல் தரநிர்ணயம் 1996-இல் வெளிவந்தபோதே ஒரு விதி அதில் இருந்தது: பேச்சைத் தொடங்குவது எப்போதும் கணினிதான். வருகைப்பதிவில் பெயரைக் கூப்பிட்டால் மட்டும் வாய் திறக்கும் மாணவனைப் போல, நீங்கள் விசையை அழுத்திய பிறகும் கணினி கேட்கும்வரை கீபோர்டு காத்திருக்கும். சாதாரணக் கீபோர்டைக் கணினி 8 அல்லது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பதால் நமக்குத் தாமதம் தெரிவதில்லை. கேட்கிறவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஒரே கம்பியில் இரண்டு கணினிகள் கேள்வி கேட்டால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது.

ஆகவே ஸ்விட்ச் ஒரு கணினியிடமிருந்து கீபோர்டை முழுமையாகத் துண்டித்துத்தான் மற்றதிடம் கொடுக்க வேண்டும். சேர்ந்தவுடன் ஓர் அறிமுகம் நடக்கும். கீபோர்டு ஒரு தரவுக் கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையைத் தெரிவிக்கும். கணினி அதற்கு 1 முதல் 127 வரை ஓர் எண்ணை முகவரியாக ஒதுக்கி, நீ யார், யார் தயாரிப்பு, எப்படிப் பேசுவாய் என்று விவரம் வாங்கிக்கொள்ளும். மலிவான பெட்டிகளில் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இது முதலிலிருந்து நடக்கும். விலை கூடிய பெட்டிகள் இரு கணினிகளுக்கும் எந்நேரமும் ஒரு பொய்க் கீபோர்டைக் காட்டிக்கொண்டே இருக்கும். பழைய கணினிகளில் பல, கீபோர்டு இல்லையென்று பூட் ஆகாமல் நின்றுவிடும். அதற்காகக் கற்ற வித்தை இன்றும் கைகொடுக்கிறது. இதில் ஒரு குறை உண்டு: பொய்க் கீபோர்டுக்குப் பொது இலக்கணம் மட்டுமே தெரியும். உங்கள் மவுஸின் பக்கவாட்டுப் பொத்தான்களும் கீபோர்டின் வண்ண விளக்குகளும் வேலை செய்யாமல் போகலாம்.

அந்தப் பொது இலக்கணத்தைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. விசையை அழுத்தும்போது கீபோர்டு அனுப்புவது 8 பைட்டுகள். முதல் பைட்டில் ஷிப்ட், கன்ட்ரோல் போன்றவற்றின் நிலை. இரண்டாவது வெற்றிடம். மீதி ஆறில் அழுத்தப்பட்ட விசைகளின் எண்கள். ஆங்கில ‘ஏ’ பொறித்த விசையின் எண் 4. எழுத்து அனுப்பப்படுவதே இல்லை, எண்தான் போகிறது. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறையில் அந்த விசை ‘அ’. வீட்டுக் கணினியில் தமிழ்99 இருந்து, அலுவலக லேப்டாப்பில் ஆங்கிலம் மட்டும் இருந்தால், அதே 4 வீட்டில் ‘அ’ ஆகும், அலுவலக லேப்டாப்பில் ஆங்கில எழுத்தாகவே நிற்கும். கீபோர்டைப் பகிர்ந்தாலும் தமிழைப் பகிர முடியாது. இரண்டு கணினியிலும் தனித்தனியே அமைத்தாக வேண்டும்.

கீபோர்டும் மவுஸும் இப்படி எளிதில் கைமாறும். பணத்தை விழுங்குவது திரைதான். 4கே மானிட்டரில் 3840-க்கு 2160 என்று சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 1,200 கோடி பிட்டுகள். சாதாரணக் கீபோர்டின் பாதையோ நொடிக்கு 15 லட்சம் பிட்டுக்கானது. அவ்வளவு வேகமான படத்தைச் சேதாரம் இல்லாமல் மடைமாற்றும் சில்லு மலிவாகக் கிடைக்காது. அதனால் அட்டையில் ‘4கே’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஹெச்டிஎம்ஐ 1.4 வகைப் பெட்டியில் 4கே படம் நொடிக்கு 30 தான் வரும். மவுஸ் அம்பு இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். நொடிக்கு 60 வேண்டுமென்றால் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்குச் சமமான டிஸ்ப்ளே போர்ட் வேண்டும்.

திரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மானிட்டர் தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. இடிஐடி எனப்படும் அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டு: தயாரிப்பாளர், தயாரித்த ஆண்டு, எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும் என்ற விவரங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளின் 19-ஆவது பின்னில் மின்னழுத்தம் இருக்கும்வரை மானிட்டர் இருக்கிறது என்று கணினி நம்பும். ஸ்விட்ச் அதைத் துண்டித்தவுடன், மானிட்டர் போய்விட்டதென்று கணினி திறந்திருந்த ஜன்னல்களையெல்லாம் லேப்டாப்பின் சிறு திரைக்குள் திணித்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் பரப்பி வைத்த வேலை குலைந்து கிடக்கும். நல்ல பெட்டி அந்த 128 பைட்டை நகலெடுத்து வைத்து, 19-ஆவது பின்னையும் உயிரோடு வைத்திருக்கும். வாங்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது இந்த வசதியைத்தான்.

இவ்வளவு செலவு தேவையா என்றால், பல வீடுகளுக்குத் தேவையில்லை என்பேன். இன்றைய மானிட்டர்கள் பலவற்றில் இரண்டு மூன்று உள்வாய்கள் இருக்கின்றன. லேப்டாப்பை ஒன்றிலும் வீட்டுக் கணினியை மற்றதிலும் நிரந்தரமாகச் செருகிவிடலாம். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் சிறிய யூஎஸ்பி ஸ்விட்ச் போதும். மானிட்டர் பொத்தானைத் தடவித் தேடுவது சலிப்பாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. டிடிசி/சிஐ என்ற முறையில், படம் போகும் கேபிள் வழியாகவே கணினி மானிட்டருக்கு உள்வாயை மாற்றும்படி கட்டளையிடலாம். லினக்ஸில் டிடிசியூட்டில் என்ற நிரல் இதைச் செய்யும். கீபோர்டு கணினியை விட்டுப் போவதையும் திரும்பி வருவதையும் கவனித்து உடனே கட்டளை அனுப்பும் சிறு நிரல்களும் உண்டு. வீட்டுக் கணினியில் மட்டும் நிறுவினால் போதும், லேப்டாப்பைத் தொட வேண்டியதில்லை. ஆனால் சில மானிட்டர்கள் அப்போது யாருடைய படத்தைக் காட்டுகின்றனவோ அவர் பேச்சை மட்டுமே கேட்கும். அதை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

கம்பியே இல்லாத வழிகளும் இருக்கின்றன. சினர்ஜி, மைக்ரோசாப்டின் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ், 2022-இல் ஆப்பிள் கொண்டுவந்த யுனிவர்சல் கன்ட்ரோல் எல்லாம் ஒரு கணினியின் விசையழுத்தங்களை நெட்வொர்க் வழியாக இன்னொன்றுக்கு அனுப்புகின்றன. சொந்தக் கணினிகள் இரண்டுக்கு நடுவே இவை அருமை. அலுவலக லேப்டாப் நம்முடையதல்ல. அதில் மென்பொருள் நிறுவ அனுமதியும் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் தட்டும் கடவுச்சொல் உட்பட அத்தனையும் இன்னொரு கணினி வழியாகப் போக வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. அங்கே கம்பிதான் சரி.

அந்தக் கம்பியிலும் ஒரு கவனம் தேவை. ஸ்விட்ச் இரண்டு கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதில்லை, ஆனால் அதில் செருகிய பென் டிரைவ் கீபோர்டோடு சேர்ந்து கைமாறும். அலுவலகக் கோப்பு வீட்டுக்கும், வீட்டு வைரஸ் அலுவலகத்துக்கும் போக அது ஒரு வாசல். ரகசியம் காக்கும் அலுவலகங்களுக்கென்று தயாராகும் கேவிஎம்களில் கீபோர்டிலிருந்து கணினிக்கு மட்டுமே தகவல் போக முடியும். திரும்பி வரும் பாதை அடைக்கப்பட்டிருக்கும். கேப்ஸ் லாக் விளக்கை எரியச் சொல்வது கணினிதான் என்பதால், அந்தச் சிறு கட்டளையைக்கூட அவை விடுவதில்லை. வீட்டுக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். பென் டிரைவையும் ஹார்டு டிஸ்க்கையும் ஸ்விட்சில் செருகாமல், அந்தந்தக் கணினியின் சொந்த வாயில் செருகினால் போதும்.