நடுக்கம் நின்றால் போதாது

குடிநோய்க்காக வார்டில் சேர்கிறவர் பத்து நாளில் தேறிவிடுகிறார். கை நடுக்கம் நிற்கிறது, தூக்கம் வருகிறது, இட்லி உள்ளே இறங்குகிறது. டிஸ்சார்ஜ் அன்று, "உங்க ஏரியாவிலேயே ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடக்குது, இன்னைக்குச் சாயங்காலமே போங்க" என்று சொல்லி அனுப்புவேன். தலையாட்டிவிட்டுப் போவார். சில மாதம் கழித்துத் திரும்பி வருவார், கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி. கூட்டத்துக்குப் போனீர்களா என்றால், "அங்கெல்லாம் போனா ஊர் என்னங்க சொல்லும்?" என்பார்.

தெருவில் விழுந்து கிடந்தபோது பார்த்த ஊர்தான் அது. குடியை விடப் போவதிலா மானம் போய்விடும்?

திடீரென நிறுத்தாதீர்கள்

பல வருடமாக, காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் முதலில் வர வேண்டிய இடம் மருத்துவமனை. கூட்டம் அதற்குப் பிறகு. மாலை போட்ட அன்றே குடியை நிறுத்தி, மறுநாளே வலிப்பு வந்து தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலை போடுவதும் கோயிலில் கயிறு கட்டுவதும் மன உறுதி தரும் என்றால் நல்லது, செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் ஆள் தெரியாமல் பிதற்றி, இல்லாததைப் பார்த்துப் பயப்படும் நிலை வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறவர், குடியோடு மாத்திரைக்கும் அடிமையாகி வருகிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மருத்துவமனைக்கு வந்தால், முதலில் ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் போதும்.

சோற்றில் கலக்கும் பொடி

"அவருக்கே தெரியாம குழம்புல கலந்துடலாம்" என்று விற்கும் பொடியை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைக்கூட ஒளித்துக் கொடுக்கக் கூடாது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சு அடைக்கும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் அது மருந்து. தாலியைக் காப்பாற்ற நினைத்து அந்தப் பொடியைக் கலக்கிற பெண்ணின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

கூட்டத்தைப் பற்றிய பயங்கள்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கிய இருவரும் குடிநோயாளிகள்; ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். ஒரு குடிநோயாளி சொன்னால்தான் இன்னொரு குடிநோயாளிக்கு ஏறும் என்பதே அவர்கள் கண்டது. என் அனுபவமும் அதுதான். நான் அரை மணி நேரம் பேசியும் அசையாதவர், பெயிண்டர் வேலை செய்யும் பழைய நோயாளி ஒருவர் தன் கதையைச் சொன்னதும் அழுதார்.

"பணம் கேட்பாங்க." கட்டணம் கிடையாது. விருப்பமுள்ளவர்கள் போடும் காசில் வாடகையும் டீயும் நடக்கின்றன.

"பெயர் வெளியே போயிடும்." முகவரி கேட்பதில்லை. பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. முதல் நாள் பேச விருப்பமில்லையா? உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

"சர்ச்சில் நடக்குதே, மதம் மாத்துவாங்களா?" இடம் கிடைப்பதால் சில கூட்டங்கள் அங்கே நடக்கின்றன, சில பள்ளி வகுப்பறையில். எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்ந்ததல்ல. அவர்கள் சொல்லும் கடவுள், அவரவர் புரிந்துகொண்ட கடவுள்.

"வாழ்நாள் முழுக்கக் குடிக்காம இருக்க என்னால முடியாது." அப்படிச் சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமல் இருங்கள் என்கிறார்கள். நாளைக்கு மறுபடி இன்று.

"பேசுறதால என்ன ஆகும்?" மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2020-ல், பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. முறையாக இந்தக் கூட்டங்களோடு இணைக்கப்பட்டவர்களே, மற்ற மனநல சிகிச்சை பெற்றவர்களைவிட, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் முன்னே நின்றார்கள்.

எங்கே தேடுவது?

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம். ஏஏ-வில் திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் யாரும் துணைக்குப் போகலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஒரு கூட்டம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள். ஒருமுறை போய்விட்டு "சரிப்படல" என்று முடிவு கட்டாதீர்கள். முதல் மூன்று மாதம் தினமும் போகிறவர்கள் உண்டு. பழைய உறுப்பினர் ஒருவரின் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் கால் நிற்கும்போது அவரைக் கூப்பிடுங்கள்.

மறுபடி குடித்துவிட்டீர்களா? அன்றைக்கும் போங்கள். யாரும் விரட்ட மாட்டார்கள்.

வீட்டாருக்கு

அல்-அனான் என்று குடும்பத்தினருக்குத் தனிக் கூட்டம் உண்டு. குடிக்கிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம் அம்மா. அவர் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே போங்கள்.