முதல் மூச்சுக்கு முன்

கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கு வேண்டிய பிராணவாயுவை நஞ்சும் தொப்புள்கொடியுமே கொண்டுவந்து தருவதால், கழுத்தில் பெருங்கட்டி வளர்ந்து மூச்சுக்குழலை நசுக்கியிருந்தாலும், குரல்வளையே திறவாமல் மூடிக்கிடந்தாலும், அது பிரசவம்வரை உயிர் தரித்து வளரக்கூடும். கொடியை அறுத்த பின்போ, மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிஷங்களே.

இந்த அடைப்பை முன்கூட்டியே காட்டித்தரும் அடையாளங்கள் உண்டு. கட்டியினால் பனிக்குட நீரை விழுங்க இயலாத சிசுவைச் சுற்றி நீர் மிகுந்துபோகிறது. குரல்வளை மூடியிருப்பின், நுரையீரலில் இயல்பாகச் சுரக்கும் திரவம் வெளியேற வழியின்றித் தேங்க, நுரையீரல்கள் பருத்து இருதயத்தை நெருக்குகின்றன. ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தேர்ந்த கண்ணுக்கு இவை புலப்படலாம். சில கட்டிகள் அதன் பின்பே தலைகாட்டும்.

1990-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், உதரவிதானத்தில் துவாரமுள்ள சிசுக்களின் மூச்சுக்குழலைக் கர்ப்பத்திலேயே கவ்வியிட்டு அடைத்த மருத்துவர்கள், பிறக்கும் வேளையில் அக்கவ்வியை எடுப்பதற்கென வகுத்த 'எக்சிட்' என்னும் முறையே இன்று மூச்சுவழி அடைபட்ட சிசுக்களுக்கும் உதவுகிறது. தாய்க்கு ஆழ்ந்த மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையைத் தளர்த்தி, சிசுவின் தலையையும் தோள்களையும் மாத்திரம் வெளியே எடுத்து, கொடியை அறுக்காமல், நஞ்சு பிராணவாயுவை ஊட்டிக்கொண்டிருக்கும்போதே வாய்வழியே குழாயைச் செலுத்துகிறார்கள். இயலாவிடில் கழுத்தில் துளையிட்டு வழி செய்கிறார்கள். நிமிஷக் கணக்கிலிருந்த அவகாசம் இதனால் ஏறக்குறைய ஒரு மணிநேரம்வரை நீளக்கூடும். தளர்ந்த கர்ப்பப்பையிலிருந்து உதிரம் பெருகும் ஆபத்து தாய்க்கு உண்டாகையால், எல்லாக் கட்டிகளுக்கும் இதைச் செய்வதில்லை. அந்த ஆபத்தைத் தாயிடம் மறைக்கவும் கூடாது.

ஓசூரை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சிப்காட் தொழிற்சாலைகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களில், ஸ்கேன் ஓசூரில் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்ணோடு அந்த அறிக்கையும் போகிறதா என்று கேட்பார் இல்லை. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூர். ஆனால் மருத்துவமனை அருகில் இருந்தால் மட்டும் போதாது; பிரசவ மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை அறுவை நிபுணர், காது மூக்கு தொண்டை நிபுணர் ஆகியோர் ஒரே அறையில் ஒரே வேளையில் கூடினாலன்றி நடவாத காரியம் எக்சிட். நள்ளிரவில் வலி கண்டபின் அவர்களைத் திரட்ட முடியாது. நீர் மிகுந்த கர்ப்பத்தில் குறைமாதத்திலேயே வலி காணக்கூடும் என்பதால், அத்தகைய மருத்துவமனைக்கு அருகே முன்னதாகவே போய்த் தங்குவது நலம்.

ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். கழுத்தில் கட்டி என்றோ, நீர் அதிகம் என்றோ சொன்னால், பிரசவம் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் என்பதை அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.